கை மட்டும் தெரிஞ்சா போதும்

பேசலாமில்ல? சத்தம் பதிவாகாதுன்னுதானே சொன்ன? அப்புறமா பாட்டப் போட்டு மூடிடுவீங்கன்னு. அப்ப சரி. கை அதுபாட்டுக்கு மாவு பிசையட்டும், வாய் அதுபாட்டுக்குப் பேசட்டும். உங்களுக்குக் கை மட்டும் தெரிஞ்சா போதுமே.

ஐயோ, உன்மேல எனக்கென்னம்மா கோவம்? நீ யாரு பாவம். கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வீடியோவ வெட்டி ஒட்டற பொண்ணு. மாப்பிள்ளை எடுத்த கை ஷாட்டெல்லாம் மங்கலாப் போயிடுச்சு, ஒரு எட்டு போய் எங்கம்மா கைய எடுத்துட்டு வந்துடுன்னு என் மக உன்ன அனுப்பிட்டு, அவ குடும்பத்தோட கடற்கரைக்குப் போயிட்டா. நாளைக்குப் பண்டிகை. இன்னிக்குச் சாயங்காலம் பண்டிகை ஸ்பெஷல் வீடியோ வெளிய வந்தாகணும். அவ அங்க அலையில கால நனைச்சுக்கிட்டு இருப்பா, நீ இங்க என் கையப் படம் புடிச்சுக்கிட்டு நிக்கற. உன்னத் திட்டி என்ன ஆகப்போகுது.

ஆனா ஒண்ணு. வந்ததும் வராததுமா ஒண்ணு கேட்டேனே, அதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல. அந்தத் துண்டு. சாப்பாட்டு மேசையில எங்க வீட்டுக்காரர் பேசற துண்டு. அத மட்டும் எடுத்துடு. அரை நிமிஷம்கூட இருக்காது. எடுத்துட்டு முன்ன பின்ன ஒட்டிடலாம்தானே, அதானே உன் வேலையே? யோசிச்சுச் சொல்றியா. சரி, யோசி. நான் பிசையறேன்.

மோதிரத்தக் கழட்டணுமா? எதுக்கு? ஓ, என் மக கையில மோதிரம் இல்ல. ஆமா ஆமா. அங்க அவ சிரிச்சுக்கிட்டே மாவ அள்ளிப் போடுவா, அடுத்த நிமிஷம் இந்தக் கை பிசையும். பாக்கறவங்களுக்கு ரெண்டும் ஒரே உடம்பாத் தெரியணும். அதுக்குத்தான் சின்னதா ஒரு நகப்பூச்சு பாட்டிலும் குடுத்து அனுப்பியிருக்கா, பாத்தியா? இதே செவப்புதாம்மா, மறக்காமப் போட்டுக்கன்னு. சுருக்கம் தெரியாம இருக்க மாவ நெறையப் பூசிக்கணுமாம். அறுபத்து மூணு வயசுக் கைய முப்பத்தஞ்சா ஆக்கறதுக்கு ஒரு பிடி மாவு போதும்னு எனக்கு இத்தன நாள் தெரியாமப் போச்சே. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறதுன்னு சொல்லுவாங்க. இவ பெத்தவளையே மாவுல மறைக்கறா.

கழலாதும்மா. சோப்பு போட்டாலும் கழலாது. விரல் அதச் சுத்தி வளந்துடுச்சு. மாவுக்குள்ள அமுக்கிக்கறேன், நீ அந்தப் பக்கம் வந்து எடு.

சிரிக்காத. எனக்கு எரியுது.

ஈஸின்னு ஒரு வார்த்தையப் புடிச்சு வெச்சிருக்கா பாரு. ஈஸி ராத்திரிச் சாப்பாடு. ஈஸி பண்டிகைப் பலகாரம். பத்தே நிமிஷம், ஒரே பாத்திரம், குடும்பமே குஷி. அந்தப் பத்து நிமிஷத்துக்கு முன்னாடி காலைலேர்ந்து காய நறுக்கறது யாரு? பூண்டு உரிக்கறது யாரு? இத்தனூண்டு இத்தனூண்டாக் கண்ணாடிக் கிண்ணத்துல உப்பு தனி, மிளகு தனி, சக்கரை தனின்னு போட்டு வரிசையா வெச்சுட்டு நான் கேமராவுக்குப் பின்னாடி குனிஞ்சு ஓடுவேன். இவ வந்து ஒவ்வொண்ணா எடுத்துக் கவுப்பா. பாத்தீங்களா எவ்ளோ ஈஸின்னு கேப்பா. ஈஸிதாண்டியம்மா, கவுக்கறதுல என்ன கஷ்டம்? அத்தனை கிண்ணத்தையும் கழுவறது எந்த வீடியோலயாவது வந்திருக்கா? நீதானே வெட்டற, நீயே சொல்லு.

அதவிடு. குடும்பச் சாப்பாடுன்னு சொல்லிட்டு, சோத்து மேல எண்ணெயப் பிரஷ்ஷால தடவறாங்க, பளபளன்னு இருக்கணும்னு. அப்புறம் மாப்பிள்ளை ஏணி மேல ஏறி நின்னுக்கிட்டு மேலருந்து எடுப்பார். தங்கமான மனுஷன்தான், நான் ஒண்ணும் குறை சொல்லல, ஆனா ஏணி மேல ஏறிட்டார்னா இறங்கவே மாட்டார். கீழ ரெண்டு பிள்ளைங்களும் கரண்டிய வாய்கிட்ட வெச்சுக்கிட்டு, திங்கவும் கூடாது, கீழ வெக்கவும் கூடாது. சின்னது ஒரு நாள் பசி தாங்காம வாய்ல போட்டுக்கிச்சு. துப்புடா துப்புடான்னு அது அம்மாவே கத்தறா. சாப்பிட்ட புள்ளையத் துப்பச் சொல்ற கொடுமை எந்த வீட்டுலயாவது உண்டா? எல்லாம் முடியறப்ப சோறு கல்லு மாதிரி ஆறிப்போயிருக்கும். அப்புறம் என்ன தெரியுமா பண்ணுவாங்க? போன எடுத்து வெளியேர்ந்து சாப்பாடு வரவழைப்பாங்க! வீட்டுச் சாப்பாடு செஞ்ச களைப்புக்கு.

ஊருக்கு உபதேசம், உனக்கு இல்லடி பெண்ணேன்னு சும்மாவா சொன்னாங்க.

இது போதுமா, இன்னும் பிசையணுமா? உருட்டணுமா. சரி.

உண்மையிலயே ஈஸிச் சாப்பாடு எதுன்னு உனக்குச் சொல்லட்டுமா. நான் ரயில் ஸ்டேஷன்ல டிக்கெட் கவுன்ட்டர்ல உக்காந்தவ. அதான் இந்த வாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆயிரம் பேரு கத்துவான், இந்தப் பக்கம் நான் ஒருத்தி கத்தணும். பாதி நாள் எனக்கு ரெண்டாவது ஷிப்ட், வீடு வந்து சேரறப்ப தெருவே அடங்கியிருக்கும். அவர் லேத் பட்டறையில வேலை. சாயங்காலமே வந்துடுவார். சமையல் அவருதான். ஆமாம்மா, அவரேதான், நீ கண்ண விரிக்காத. அரிசி, பருப்பு, வீட்டுல எந்தக் காய் வாடிக்கிட்டு இருக்கோ அது, எல்லாத்தையும் ஒரே பாத்திரத்துல போட்டு வேக வெச்சு, மேல ஒரு முட்டையப் பொரிச்சுப் போடுவார். அவ்ளோதான். ருசியா? சுமாரா இருக்கும். உப்பு ஒரு நாள் கம்மி, ஒரு நாள் கூட. ஆனா சூடா இருக்கும். பொண்ணு சாப்பிட்டுத் தூங்கியிருப்பா. எனக்கு ஒரு தட்டுல போட்டு, இன்னொரு தட்டக் கவுத்து மூடி வெச்சுக்கிட்டு, இந்தா, இப்ப நீ நிக்கற இடத்துலதான் நாற்காலியப் போட்டு உக்காந்திருப்பார். நான் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் எதிர்ல உக்காந்து பட்டறைக் கதையெல்லாம் சொல்லுவார். எனக்குத் தூக்கம் கண்ணச் சொக்கும். ஆனாலும் கேட்டுக்கிட்டே சாப்பிடுவேன். அந்த மனுஷன எனக்கு அவ்ளோ புடிக்கும்மா. அப்பவும் சரி, இப்பவும் சரி.

இந்த பிஸ்கட்டும் அவர் சமாச்சாரம்தான். வெண்ணெய், சக்கரை, மாவு, ஒரு முட்டை. பண்டிகை வந்தா பட்டறையில இரும்புத் தகட்டு மிச்சத்த வளைச்சு அச்சு பண்ணிக்கிட்டு வந்துடுவார். நட்டு இருக்கில்ல, போல்ட்டுல முடுக்கறது, அந்த ஆறு மூலை நட்டு, அது மாதிரி அச்சு. நடுவுல பேனா மூடியால ஒரு ஓட்டை. நட்டு பிஸ்கட்டுன்னே பேரு. எம்பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போய், எங்கப்பா பண்ணாருன்னு ஊரெல்லாம் காட்டுவா. இப்ப? அந்த அச்சு வேண்டாமாம். பாக்க நல்லா இல்லியாம். நட்சத்திர அச்சு வாங்கிட்டு வந்தா. நட்சத்திரம்! அது கூரான மூலையெல்லாம் மொதல்ல கருகிடும், நடு வேகாது. சொன்னேன். அதெல்லாம் கேமராவுல தெரியாதும்மான்னுட்டா.

சரி, அதுக்கும் நான் வாயத் திறக்கல. வெட்டணுமா, நட்சத்திரமே வெட்டறேன், பாத்துக்க. இப்படி அழுத்தணும், அவ்ளோதானே?

இந்த அநியாயத்தக் கேளு. பண்டிகைங்கறது நாளைக்கு. எங்க வீட்டுல மட்டும் அது மூணு வாரத்துக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிடுச்சு. வீடியோ முன்கூட்டியே தயாராகணுமே. எல்லாருக்கும் புதுத்துணி. சன்னல்ல விளக்குச் சரம். வெளிய கொளுத்தற வெயில், திரையப் போட்டு மூடி ராத்திரி மாதிரி ஆக்கிட்டாங்க. வாழ்த்துக்கள் வாழ்த்துக்கள்னு ஒருத்தர ஒருத்தர் கட்டிப் புடிச்சுக்கிட்டோம், அதுவும் ரெண்டு தடவ, ரெண்டு பக்கத்துலேர்ந்தும் எடுக்கணுமாம். முடிஞ்சதும் புதுத்துணியக் கழட்டி மடிச்சு வாங்கிட்டுப் போயிட்டா, அடுத்ததுக்கு ஆகும்னு. பிள்ளைங்க ரெண்டும் அழுதுச்சு. நாளைக்கு நிஜப் பண்டிகை, இந்த வீட்டுல அவரும் நானும்தான். போன்ல வாழ்த்து வரும். அதுக்கும் நான் சிரிக்கணும்.

எங்க விட்டேன்? ஆமா, அன்னிக்கு. நீ பாத்திருப்ப, இருந்தாலும் சொல்றேன். எல்லாரும் மேசையச் சுத்தி உக்காந்தாச்சு. நான் சமையலறையிலேர்ந்து பிஸ்கட்டுத் தட்ட எடுத்துக்கிட்டு வரணும். அவ்ளோதான் எனக்குக் குடுத்த வேலை, வரணும், வெக்கணும், ஒதுங்கணும். உப்புக்குச் சப்பாணி. வந்தேன், வெச்சேன். எம்பொண்ணு ஒண்ண எடுத்து அவர் கையில குடுத்து, அப்பா, எப்படி இருக்கு சொல்லுங்கன்னா. எல்லா வீடியோலயும் இது உண்டே, அப்பா ருசி பாக்கற இடம். அதுக்குன்னே பாக்கறவங்க இருக்காங்களாம். அவரும் ஏதாவது கிண்டலாச் சொல்லுவார், இந்தக் கேக்க வெச்சுச் சுவரு கட்டலாம்பார், இந்த சூப்புல முகம் பாத்துச் சவரம் பண்ணலாம்பார். மனுஷனுக்கு அது பொறந்ததுலேர்ந்து வர்றது.

அன்னிக்குக் கடிச்சார். மென்னார். ரொம்ப நல்லா இருக்கேன்னார். அப்புறம் நிமிந்து என்னையப் பாத்துட்டு, மெதுவா எம்பொண்ணு பக்கம் சாஞ்சு கேக்கறார், யாரு, அந்தம்மா செஞ்சதா, புதுசா வேலைக்கு வெச்சிருக்கீங்களா? கைப்பக்குவம் நல்லா இருக்கு, விட்டுடாதீங்க, இந்த மாதிரி ஆள் கிடைக்கறது கஷ்டம்.

வீடே சிரிச்சுது. மாப்பிள்ளை ஏணி மேல நின்னுக்கிட்டு அந்த ஆட்டு ஆடறார் சிரிச்சு. பிள்ளைங்க மேசையத் தட்டுது. நான் மட்டும் என்ன, நானும் சிரிச்சேன். ஆமா, முப்பத்தெட்டு வருஷமாப் புதுசாத்தான் இருக்கேன்னு பதில் வேற குடுத்தேன். கவுன்ட்டர்ல பழகின வாயாச்சே, சும்மா இருக்குமா.

ஆமா, அந்தச் சமயம் பாத்துக் குக்கர் விசில் அடிச்சுது. அவர் பேசினது சரியாப் பதிவாகல. உடனே இவ, அப்பா, அதே மாதிரி இன்னொரு தடவங்கறா. எதைன்னு கேக்கறார் அவர். அதாம்ப்பா, அம்மாவப் பாத்துப் புதுசா வெச்ச ஆளான்னு கேட்டீங்களே. அவர் சுத்தி எல்லாரையும் பாக்கறார். நான் அப்படிக் கேப்பேனாங்கறார். திரும்பவும் ஒரே சிரிப்பு. பாருங்க, எப்படி நடிக்கறாருன்னு. அப்புறம் அவ சொல்லிக் குடுத்தா. வார்த்தை வார்த்தையா. சின்னப் புள்ளைக்குப் பாட்டுச் சொல்லிக் குடுப்பாங்களே, அப்படி. ரெண்டாவது தடவ பாதியிலயே நின்னுட்டார். மூணாவது தடவ நேரா நிமிந்து உக்காந்து, கைய மடியில வெச்சுக்கிட்டு, ஒரு வார்த்தை பிசகாம ஒப்பிச்சார். ஒப்பிச்சுட்டு, சரியாம்மான்னு பொண்ணக் கேட்டார். சூப்பர்ப்பான்னா.

நான் திரும்ப வந்து வெக்கறதுக்காகத் தட்டக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன். தட்ட அப்படியே கவுத்துடலாம்னு இருந்துச்சு. போதும்டி, அவர விடுடின்னு சொல்ல வாயெடுத்தேன். அம்மா, நீ கேமராவுக்கு நடுவுல நிக்கறன்னா.

என்ன சொல்ற? நீ எப்படி ஒட்டியிருக்க? சிரிப்பு மொதத் தடவ சிரிச்சது, பேச்சு மூணாவது தடவ பேசினதா? அவர் முகம்? முகமும் மொதத் தடவ எடுத்ததுதானா. ஓஹோ. கெட்டிக்காரிதான் நீ. பொருந்தவும் பொருந்தியிருக்கு, நேத்து அவ முன்னோட்டம்னு ஒரு துண்டப் போட்டாளே, அதுல பாத்தேன். ஒட்டே தெரியல.

அதப் போட்டதுலேர்ந்துதான் எனக்கு உடம்பெல்லாம் திகுதிகுன்னு இருக்கு. கீழ்வீட்டு அம்மா இருக்காளே, காலைல படியேறி வந்து, என்ன சமையக்காரம்மா, வேலை முடிஞ்சுதான்னு கேக்கறா. பால்காரன் சிரிக்கறான். எவனெவனோ வீடியோவுக்குக் கீழ எழுதறான், தாத்தா செம டைமிங், தாத்தா ராக்ஸ்னு. என்னடா தெரியும் உங்களுக்குத் தாத்தாவப் பத்தி? உங்க தாத்தாவா? இன்னிக்குச் சாயங்காலம் முழுசும் வந்துட்டா ஊரே சிரிக்கும். நாளைக்குப் பண்டிகைச் சோத்தத் தின்னுக்கிட்டே சிரிக்கும். வீட்டுக்கு வீடு பொண்டாட்டியப் பாத்து யாரு புதுசாங்கப் போறானுங்க. கேக்கறியா, அத எடுத்துடு. நான் கெஞ்சல, சொல்றேன்.

என் முகத்த மறைச்சுடறேங்கறியா? நல்லா இருக்கே நியாயம். கை தெரியலாம், முகம் தெரியக்கூடாதா? என் முகத்துக்கு என்ன கேடு? என்னைய வேலைக்காரின்னு சொன்னதுக்கா நான் குதிக்கறேன்? சமையல் வேலை பாக்கற எத்தனை பேரு என்னவிட கௌரவமா இருக்காங்க. என் முகம் பாட்டுக்கு இருக்கட்டும். நான் அவர் முகத்தச் சொல்றேன்.

அக்காகிட்ட, எம்பொண்ணுகிட்ட, கேக்காம எப்படிங்கறியா? கேளேன். போன் போட்டுக் கேளு. நான் கேக்காமலா உன்கிட்ட வந்து நிக்கறேன்? காலைல கேட்டேன். அம்மா, அதுதான் இந்த வீடியோவுக்கே உயிரு, அத எடுத்துட்டா மிச்சம் மாவும் சக்கரையும்தான்னா. நீ ஏன் எல்லாத்தையும் பெருசு பண்ற, அப்பா ஜோக் அடிக்கறது உனக்குப் புதுசான்னா. பின்னாடி அலைச் சத்தம் கேக்குது. சின்னது பாட்டி பாட்டின்னு கத்துது. சொல்லிடலாம்னு வாயத் திறந்தேன். வரல. பெத்த பொண்ணு, தூக்கி வளத்த பொண்ணு, அவகிட்ட அந்த ஒரு வார்த்தை வரமாட்டேங்குது. சரி, நல்லா குளிச்சுட்டு வா, வெயில்ல அலையாதன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். வெச்சுட்டு சுவத்துல ஒரு குத்து விட்டேன், இந்தா, விரல் வீங்கியிருக்கு பாரு. மாவப் பூசிட்டேன், உனக்குத் தெரியல.

நீ யாரோ. இன்னிக்கு வந்த, இன்னிக்குப் போயிடுவ. உன்கிட்ட வருது பாரு. நாக்குக்கு எவ்ளோ கொழுப்பு.

மெதுவாப் பேசணுமா? அவர் தூங்கறார், எழுந்திருக்க மாட்டார். இந்த மாத்திரையப் போட்டா ஒரு தூக்கம் தூங்குவார். மாத்திரையா? டாக்டர் குடுத்ததுதான். போன வாரம் நான்தான் கூட்டிட்டுப் போனேன், கண்ணுக்குக் கண்ணாடி மாத்தணும்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன். பண்டிகை முடிஞ்சதும் பொண்ணையும் கூட்டிக்கிட்டு வாங்கன்னு சொல்லியிருக்காங்க. எதுக்குன்னு நீ கேக்கல. நல்ல பொண்ணு.

சரி, கேமராவ அணைச்சுடு. இதுக்குக் கை வேண்டாம்.

அன்னிக்கு எல்லாம் முடிஞ்சு அவங்க கெளம்பிட்டாங்க. நான் பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்துட்டு, கையத் தொடச்சுக்கிட்டு வெளிய வரேன். இவர் வாசக்கதவத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்கறார். என் செருப்ப எடுத்து, கால் நுழைக்க வாகாத் திருப்பி வெச்சிருக்கார். கையில ஒரு காகிதப் பொட்டலம். இருட்டப் போகுதும்மா, உங்க வீட்டுல தேடுவாங்க, கெளம்புங்கங்கறார். பிள்ளைங்க இருக்கும்ல, குடுங்கன்னு அந்தப் பொட்டலத்த என் கையில வெக்கறார். நாலஞ்சு பிஸ்கட்டு. கருகாததாப் பாத்துப் பொறுக்கி எடுத்து வெச்சிருக்கார்.

என்ன மரியாதை தெரியுமாம்மா. முப்பத்தெட்டு வருஷத்துல அந்த மனுஷன் என்னைய வாங்க போங்கன்னு ஒரு நாள் கூப்பிட்டதில்ல. திட்டு வாங்கியிருக்கேன், சிரிச்சிருக்கோம், சண்டை போட்டுப் பேசாம இருந்திருக்கோம், அத்தனையும் தாங்கினேன். அந்த மரியாதையத்தான் என்னால தாங்க முடியல.

என்ன பண்ணச் சொல்ற? நான் உன் பொண்டாட்டிய்யான்னு கத்தறதா? பயந்து போயிடுவாரே. கால செருப்புல நுழைச்சுக்கிட்டேன். வரேங்கன்னு சொன்னேன். அவரு கதவச் சாத்தித் தாப்பாப் போட்டார். படியில போய் உக்காந்தேன். கீழ்வீட்டு அம்மா பாத்துட்டு என்னன்னா, காத்து வாங்கறேன்னேன். எவ்ளோ நேரம் உக்காந்தேன்னு தெரியல. அப்புறம் வேற போக்கிடம் ஏது, எழுந்து போய் மணிய அடிச்சேன்.

திறந்தார். ஏண்டி, சொல்லாமக் கொள்ளாம எங்கடி போய்த் தொலைஞ்ச, சோறு ஆறிப்போகுதுன்னு ஒரு கத்து கத்தினார் பாரு. எனக்கு உயிரே வந்துச்சு. உள்ள போனேன். தட்டு மூடி வெச்சிருந்தார். என் கையில இருந்த பொட்டலத்த வாங்கிப் பிரிச்சுப் பாத்துட்டு, யாரு குடுத்தான்னு கேட்டார்.

தெரிஞ்சவங்க வீட்டுலன்னு சொன்னேன்.

ஒண்ண எடுத்துக் கடிச்சுக்கிட்டே, நல்ல மனுஷங்க போலிருக்குன்னார்.